வீட்டில் மூன்று லைன் இருக்கிறது. ஒன்று பிஸி என்றால் கோல் தானாக அடுத்ததற்குப் போகுமா?

போகும். ஆனால் வீட்டுப் போனில் அதற்கு ஒரு பட்டனும் இல்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்தான் செய்து தர வேண்டும். ‘ஹண்டிங்’ (தேடுதல்) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எது தலை நம்பர், அதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘ஸ்ட்ரோஜர்’ என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சுகளில் ஓர் உலோகக் கை படிப்படியாக நகர்ந்து, சும்மா இருக்கும் தொடுப்பைத் தேடிப் பிடிக்கும். இப்போது மென்பொருள் தேடுகிறது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் வீட்டிலும் மூன்று லைன். கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர் எல்லோரிடமும் இருப்பது அப்பாவின் பழைய 021 நம்பர்தான். ஒரு தை மாதம் பெரியம்மா ரொறன்ரோவில் ஆஸ்பத்திரியில் இருந்தா. அங்கே இரவு 9 மணி, இங்கே காலை ஏழரை; மச்சாள் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறா, பிஸி. அந்த நம்பர் உள்ள முன் லைனில் நான்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். மாடி லைனும் குசினி லைனும் சும்மா கிடந்தன. பெரியம்மா போய்விட்டா என்பது மத்தியானம்தான் எங்களுக்குத் தெரியும். அந்தக் கிழமையே ஹண்டிங்குக்கு எழுதிக் கொடுத்தேன்.

போட்ட பிறகும் முதலில் வேலை செய்யவில்லை. காரணம் கோல் வெயிட்டிங். அது இருக்கும்வரை எக்ஸ்சேஞ்சின் கணக்கில் அந்த லைன் பிஸி இல்லை, இரண்டாவது கோலும் அதிலேயே போய் நிற்கும். கடைசி லைனைத் தவிர மற்றவற்றில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆன்சரிங் மெஷின் இருந்தால் அதையும் கடைசி லைனுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கோலை வழியிலேயே விழுங்கிவிடும்.

வரிசையில் இரண்டு விதம். நேர் வரிசையில் இரண்டாம் நம்பருக்கு அடித்தால் இரண்டு, மூன்று மட்டும்தான் பார்க்கும், திரும்பி ஒன்றுக்கு வராது. சுற்று வரிசை எங்கே தொடங்கினாலும் மூன்றையும் பார்க்கும். எல்லோரிடமும் ஒரே நம்பர் இருக்கிற வீட்டுக்கு நேர் வரிசை போதும். வெளியே எடுக்கிற கோல்களைக் கடைசி லைனில் எடுங்கள். தலை நம்பர் சும்மா இருக்கட்டும்.

லைன்கள் வெவ்வேறு கம்பனியுடையவை என்றால் இது சரிவராது. ‘பிஸி என்றால் திருப்பிவிடு’ என்ற கோல் ஃபோர்வர்டிங்தான் வழி. அதில் திருப்பிவிடும் கோலுக்கான காசு உங்கள் பில்லில் விழலாம், முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். நான் முன் போனில் மாடி நம்பரை எடுத்து, அண்ணாவைக் கதைத்துக்கொண்டே இருக்கச் சொல்லி ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, கைபேசியில் தலை நம்பருக்கு அடித்தேன். குசினியில் மணி அடித்தது. அம்மா தேங்காய்ப்பூக் கையோடு எடுத்து “ஹலோ, ஆர்?” என்றா.