'யோ குஸ்தோ' ஏன் தவறு?

கேள்வி: வேலையில் தென்னமெரிக்க வாடிக்கையாளர்களுடன் பேச வேண்டியிருப்பதால் கைப்பேசிச் செயலியில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு 'யோ குஸ்தோ கஃபே' என்று எழுதினால் தவறு என்கிறது. 'யோ கோமோ' நான் சாப்பிடுகிறேன், 'யோ ஆப்லோ' நான் பேசுகிறேன் என்றால், 'யோ குஸ்தோ' மட்டும் ஏன் கூடாது? – ஈசூன் வாசகி

பதில்: தமிழில் நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். 'எனக்கு' என்றுதான் தொடங்கினீர்கள், 'நான்' என்று இல்லை. ஸ்பானிஷுக்குப் போகும் வழியில் ஆங்கிலம் குறுக்கே வந்துவிட்டது. சிங்கப்பூரில் பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த நமக்கு இது சகஜம். செயலியும் ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருவதால், 'குஸ்தார்' என்ற இந்த வினை தலைகீழானது என்று பயமுறுத்திவிடுகிறார்கள். தமிழருக்கு அது நேரானதுதான்.

'மெ குஸ்தா எல் கஃபே.' மெ என்றால் எனக்கு, தெ உனக்கு, லெ அவருக்கு (மரியாதையான 'உங்களுக்கு'ம் இதுவே), நோஸ் நமக்கு, லெஸ் அவர்களுக்கு. பிடிக்காது என்றால் முன்னால் ஒரு 'நோ': நோ மெ குஸ்தா. காபிக்கு முன்னால் வரும் 'எல்' தமிழில் இல்லாதது, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், குஸ்தாவில் வருவது நம் 'த'. ஆங்கில வாடையில் 'குஸ்டா' என்று சொல்ல வேண்டாம்.

சரி, தமிழ் எங்கே கைவிடும்? நம் 'பிடிக்கும்' ஒரு மாம்பழத்துக்கும் ஒரு கூடை மாம்பழத்துக்கும் மாறாது. ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய். அது பன்மையானால் வினையும் பன்மையாகும்: மெ குஸ்தா எல் மாங்கோ, மெ குஸ்தான் லோஸ் மாங்கோஸ். 'எங்களுக்குப் பிடிக்கும்' என்று பிடித்தவர்கள் பலரானாலும் பொருள் ஒன்று என்றால் 'நோஸ் குஸ்தா'தான். பிடித்தது ஒரு செயல் என்றால் எப்போதும் ஒருமை. சாப்பிடுவதும் படிப்பதும் பிடிக்கும் என்று இரண்டைச் சேர்த்தாலும் 'மெ குஸ்தா கொமேர் இ லெயேர்'.

'அம்மாவுக்குத் தேநீர் பிடிக்கும்' என்பது 'ஆ மி மாத்ரே லெ குஸ்தா எல் தே' என்றாகும். 'என் அம்மாவுக்கு' என்று சொன்ன பிறகும் 'அவருக்கு' என்ற லெ வரவேண்டும். நமக்கு மிகையாகத் தோன்றும், ஆனால் ஸ்பானிஷ்காரர்கள் இரண்டையும் சொல்வார்கள்.

ஆட்களிடம் மட்டும் கவனம். 'மெ குஸ்தாஸ்' என்றால் 'உன்னை எனக்குப் பிடிக்கும்', காதல் தொனியில். வாடிக்கையாளரைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல 'மெ காயே பியென்' போதும்.

இதே அச்சில் இன்னும் சில வினைகள் உண்டு. தலைவலிக்கு 'மெ துயேலே லா கபேசா', கால்வலிக்கு 'மெ துயேலென் லோஸ் பியெஸ்'. அதற்காக 'எனக்கு' வரும் இடமெல்லாம் மெ போட முடியாது. 'எனக்குப் பசிக்கிறது' ஸ்பானிஷில் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை வைத்திருக்கிறேன். 'எனக்கு வேண்டும்' என்பதும் 'கியேரோ' என்று 'நான்' பக்கம் போய்விடும். கடையில் பணிவாகக் கேட்க மட்டும் 'மெ குஸ்தாரியா உன் கஃபே' (இங்கே 'உன்' என்றால் 'ஒரு') என்று குஸ்தாரையே பயன்படுத்தலாம்.

இறந்தகாலத்துக்கு இப்போது போக வேண்டாம். அடுத்த முறை தேக்கா சந்தைக்குப் போகும்போது கண்ணில் படும் காய்கனிகளுக்கெல்லாம் குஸ்தாவா, குஸ்தானா என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளர் தனக்குத் தேநீர் பிடிக்கும் என்றால், 'எனக்கும்' என்பதற்கு 'ஆ மி தம்பியேன்' என்று பதில் சொல்லுங்கள். 'யோ தம்பியேன்' இங்கே பொருந்தாது. அவர் பிடிக்காது என்று சொல்லி உங்களுக்கும் பிடிக்காது என்றால், 'ஆ மி தம்போக்கோ'.