1,500 டாலர் கொடுத்து வாங்க வேண்டிய இடமா அது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். பிறவியிலேயே காது கேட்காது. ஆறு மாதம் முன்பு ஒரு காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்தோம். ஆகஸ்டில் கம்பெனி என்னை ஓராண்டுக்கு நியூ ஜெர்சி அனுப்புகிறது, மூவரும் போகிறோம். அங்குள்ள ஆரம்பப் பயிற்சி மையங்களைச் சுற்றிக்காட்டி இடம் வாங்கித் தர ஒருவர் 1,500 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? நவம்பர் 20-ல் பையனுக்கு மூன்று வயது முடிகிறது.

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அவர் விற்பது ஒரு போன் கால்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ என்ற ஆரம்பப் பயிற்சி அங்கே அரசு நடத்தும் சேவை. டாக்டர் சீட்டு வேண்டாம், பெற்றோரே கூப்பிட்டுப் பதியலாம். நியூ ஜெர்சி முழுக்க அதற்கு ஒரே இலவச எண்தான், மாநில சுகாதாரத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. குழந்தையை மதிப்பிடுவதற்கும் திட்டம் போடுவதற்கும் காசு கிடையாது. பயிற்சிக்கு மட்டும் வருமானத்தைப் பார்த்து ஏதாவது கேட்கலாம்.

அப்புறம், சுற்றிப் பார்க்க அங்கே மையம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ஆசிரியர் உங்கள் வீட்டுக்கு வருவார். தரையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக் கரண்டியையும் எவர்சில்வர் டம்ளரையும் எடுத்து, தட்டும் ஓசைக்குப் பையன் திரும்புகிறானா என்று பார்ப்பார். பிறகு கரண்டியை அம்மா கையில் கொடுத்துவிடுவார். பயிற்சியே அம்மா அப்பாவுக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி ஒரு ஆளிடம் பணம் கட்டி மூன்று கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தது. கையில் லேமினேட் செய்த ஒரு சான்றிதழ். குழந்தையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் விஷயத்தில் சிக்கல் தேதியில்தான் இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள். இந்தச் சேவை மூன்றாவது பிறந்தநாளோடு முடிகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீடு முடித்துத் திட்டக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. பிறந்தநாளுக்கு 45 நாள்கூட இல்லாதபோது கூப்பிட்டால், மதிப்பிட வேண்டிய கட்டாயமே அவர்களுக்கு இல்லை, பள்ளிக்கூடத்தின் பக்கம் கைகாட்டிவிடலாம். உங்கள் கணக்கில் அந்தக் கடைசி நாள் அக்டோபர் 6. அதுவரை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அக்டோபர் 5-ல் பதிந்தால், கூட்டம் முடியும்போது பிறந்தநாள் கேக் வெட்டுகிற நேரமாகிவிடும். வீடு கிடைத்த வாரமே கூப்பிடுங்கள். அதே வாரம் உங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டத்துக்கும் (அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), சிறப்புக் கல்விக்கு மதிப்பிடச் சொல்லி எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று வயதுக்கு மேல் பொறுப்பு அவர்களுடையது, அங்கே கட்டணம் இல்லை. காது கேட்காத குழந்தைக்குக் காலண்டர் பார்த்து ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறக்கிறார்கள். யாருக்கு வசதியான ஏற்பாடோ!

இன்னொன்று, மேப்பிங், அதாவது இம்ப்ளாண்ட் தரும் ஒலியைப் பையனுக்கு ஏற்றபடி சரிசெய்வது. இம்ப்ளாண்டின் மேப்பிங்கை இந்தச் சேவை செய்யாது, சட்டமே அதை விலக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்புத்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம்தான் போக வேண்டும், அதற்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் இங்கேயே ஒருமுறை மேப்பிங் முடித்து, அந்த விவரத்தை அச்சிலும் பென்டிரைவிலும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முனகுவார்கள், விடாதீர்கள்.

ரிப்போர்ட் விஷயமும் அப்படித்தான். நம் ஆஸ்பத்திரிகளில் பாதிப் பேர் ‘இரு காதும் கடுமையான குறைபாடு’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் என்று எண் இருக்க வேண்டும். கேட்புக் குறைபாடு உறுதி என்று ரிப்போர்ட் தெளிவாகச் சொன்னால், வளர்ச்சி பின்தங்கியிருக்கிறதா என்று தனியாக நிரூபிக்கச் சொல்ல மாட்டார்கள். ஒலிக்கு மூளை நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் பெரா டெஸ்டின் கிராஃப் தெர்மல் தாளில் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். வெளுத்துப்போன தாளோடு வந்து நின்றவர்கள் நிறையப் பேர்.

கூடத்தில் ஆசிரியரோடு உட்காரப்போகிறவர் பெரும்பாலும் உங்கள் மனைவிதான். அவருக்கு ஆங்கிலம் தயக்கமென்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லுங்கள். பையனோடு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அங்கே யாராவது அறிவுரை சொல்வார்கள். தலையாட்டிவிட்டு, வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்.