நாலு ஊருக்கு ஒரே வடிகால்: தனி அமைப்பு தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. நான்கு ஊராட்சிக்கும் ஒரே வடிவாய்க்கால்தான். வெங்காயத்தாமரை மண்டிக் கிடப்பதால் ஐப்பசி மழையில் சம்பா மூழ்கிவிடுகிறது. ஃப்ளோரிடாவில் இதற்கென்றே தனி மாவட்டம் அமைத்துப் பணம் வசூலிக்கிறார்கள் என்கிறான் அங்கிருக்கும் என் தம்பி. நாமும் அமைக்கலாமா?

பதில்: தம்பி சொல்வது உண்மைதான். அங்கே 1980-இல் வந்த சட்டப்படி அமைகிற அந்த 'மாவட்டம்' நம் கலெக்டர் மாவட்டம் போன்றதல்ல. ஒரு குடியிருப்புப் பகுதிக்குச் சாலை, குடிநீர், வடிகால் செய்து தரும் சிறிய அமைப்பு. ஐந்து பேர் குழு. முதல் தேர்தலில் நில உரிமையாளருக்கு ஏக்கருக்கு ஒரு ஓட்டு.

இங்கே ஊர் கூடி வரி போட முடியாது. சட்டத்தின் அதிகாரமில்லாமல் எந்த வரியும் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. ஆனால் உங்கள் வேலைக்கு வரி அதிகாரம் தேவையே இல்லை.

முதலில் விஏஓவிடம் கிராம வரைபடமும், எந்த நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேடும் பாருங்கள். வாய்க்கால் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி வசமா என்று தெரியாமல் மனு கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். அப்புறம் நான்கு கிராம சபைகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, மே 1 கூட்டங்களை விடாதீர்கள். அப்போதுதான் வாய்க்கால் காய்ந்திருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் பொக்லைன் இறங்க வேண்டும்.

பாசனத்துக்கு, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படியான நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் பகுதியில் பெயரளவிலாவது இருக்கலாம். இருந்தால் அதையே எழுப்புங்கள். இல்லையென்றால் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதியலாம். வரிக்குப் பதில் சந்தா. மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டத்துக்கு உங்கள் பங்கைக் கட்டவும் அந்தச் சேமிப்பு உதவும்.

ஏக்கருக்கு ஒரு ஓட்டு மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். நம்மூரில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்கள் எத்தனை பேர்! பயிர் மூழ்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தான், பட்டாவோ அவர்கள் பெயரில் இல்லை. மேலூர்க்காரர் தம் வயல் வடிய ராத்திரியில் மதகுப் பலகையைத் தூக்கிவிட, விடிவதற்குள் கீழூரில் பத்து நாள் நடவு தண்ணீருக்குள் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் சங்கத்தின் துணைவிதியில் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்று எழுதுங்கள், குத்தகைதாரரைச் சேருங்கள், கடைசி ஊருக்கு நிர்வாகத்தில் கட்டாய இடம் கொடுங்கள். சந்தாவை 'மா' என்ற நில அளவுக் கணக்கில் வாங்கி, வரவு செலவை நான்கு ஊர் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள்.