மீட்டர்ல நம்பர் கம்மியா வந்தா அடியில தண்ணியா?

கேள்வி: தண்ணி தேடி, நிலம் கரண்டை எவ்ளோ தடுக்குதுன்னு அளக்குற ரெசிஸ்டிவிட்டி சர்வே எடுத்தப்ப ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட 8 ஓம்-மீட்டர்னு வந்துச்சு. போர் போட்டா ஒண்ணுல உப்புத்தண்ணி, இன்னொண்ணுல ஒட்டுற களிமண், ஒரு குடம் தண்ணிகூட தேறல. மீட்டர் தப்பா?

பதில்: மீட்டர் மேல தப்பே இல்லங்க, நம்பர் கம்மின்னா தண்ணின்னு நம்மகிட்ட யாரோ சொல்லி வச்சிருக்காங்களே, அதுதான் தப்பு. பாறையில இருக்குற குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் கரண்டை கிட்டத்தட்ட விடவே விடாது, அதனால வெடிப்பில்லாத கிரானைட்ல நம்பர் ஆயிரக்கணக்குல நிக்கும். கரண்ட் பெரும்பாலும் போறது பாறை இடுக்குல நிக்குற தண்ணியில கரைஞ்ச உப்பு வழியாத்தான். கடல் தண்ணியே 0.2 ஓம்-மீட்டர்தான், அப்ப உப்புத்தண்ணி ஊறின மணல் 8 காட்டுறதுல ஆச்சரியமே இல்ல.

களிமண் கதை வேற. அதோட துகள் ஒவ்வொண்ணும் ரொம்ப மெல்லிசான தகடு, மேல்பரப்புல நெகட்டிவ் சார்ஜ் இருக்கும், அது இழுத்து வச்சிருக்குற பாசிட்டிவ் அயனிங்க அந்தப் பரப்பு ஓரமாவே நகர்ந்து கரண்டைக் கடத்திடும், தண்ணி நல்லதா இருந்தாக்கூட நம்பர் இறங்கிடும். உள்ள தண்ணி நெறையவே இருக்கும், ஆனா துளை அவ்ளோ பொடிசுங்குறதால அது கிணத்துக்கு ஊறி வரவே வராது.

1942ல ஆர்ச்சிங்குற அமெரிக்க எண்ணெய்த் துறை பொறியாளர் குடுத்த சூத்திரம், அதாவது துளையளவையும் அதுல நிக்குற தண்ணியையும் வச்சு பாறையோட ரெசிஸ்டிவிட்டியைக் கணக்குப் போடுறது, களி கலக்காத மணற்பாறைக்குத்தான் சரியா வரும், களி சேந்துட்டா கணக்கு தப்பிடும்.

எனக்கு வருத்தமே என்னன்னா, நல்ல தண்ணி நிக்குற மணலும் சரளையும் பெரும்பாலும் களிமண்ணை விட கூடுதலாத்தான் காட்டும், 50, 100னு, சில இடத்துல அதுக்கும் மேல. இருக்குறதுலயே கம்மியான நம்பரைத் தேடிப் போறவங்க அந்த நல்ல இடத்தைத்தான் தாண்டிப் போயிடுறாங்க.

இன்னொண்ணு, அந்த 8 ஒரே ஒரு அடுக்கோட நம்பரும் கிடையாது. வெளிப்பக்க ரெண்டு கம்பியில கரண்ட் விட்டு நடுவுல ரெண்டு கம்பியில வோல்டேஜ் பாக்குறோம், கரண்ட் போற ஆழம் வரைக்கும் இருக்குற எல்லா அடுக்கும் கலந்துதான் அந்த நம்பர் வருது. கம்பிங்களோட இடைவெளியைக் கூட்டிக் கூட்டி அளந்து, நம்பர் எப்படி மாறுதுன்னு காட்டுற முழு வளைவையும் வாங்கிப் பாருங்க. பக்கத்துல ஏற்கனவே போட்ட போர்ல எத்தனை அடியில என்ன மண்ணு வந்துச்சுன்னு கேட்டு அதோட ஒப்பிடுங்க, களியா உப்பான்னு சந்தேகம் தீரலன்னா இண்டியூஸ்டு போலரைசேஷன் அளவும் எடுக்கச் சொல்லுங்க, களி இருந்தா கரண்டை நிறுத்தின பிறகும் வோல்டேஜ் உடனே விழாம கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும்.