பட்டர்வொர்ட் இலையில் பசை வற்றினால்

உரம் வேண்டாம், முதலில் தண்ணீரை மாற்றுங்கள். உங்கள் பட்டர்வொர்ட் (இலைப் பசையில் பூச்சியை ஒட்டவைத்துப் பிடிக்கும் செடி) இலையில் மூன்று வாரமாகப் பசை இல்லை, ஓரம் பழுப்பாகிறது, குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு மண்ணில் தங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். இதன் வேர் மெல்லியது, உப்பைத் தாங்காது.

டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) இருந்தால் தண்ணீரை அளந்து பாருங்கள். 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் நல்லது. மீட்டர் இல்லையென்றால் தொட்டி விளிம்பையும், மண்ணில் கலந்திருக்கும் பெர்லைட்டையும் (இலேசான எரிமலைக் கல் துகள்) பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் உப்புதான்.

1. மழைநீரோ டிஸ்டில்டு வாட்டரோ எடுத்து மேலிருந்து மெதுவாக ஊற்றி, அடியில் நன்றாக வடிய விடுங்கள். நான்கைந்து முறை செய்யுங்கள். வடிந்ததைத் தட்டில் தேங்க விடாதீர்கள்.
2. படிவு கனமாக இருந்தால் மண்ணையே மாற்றிவிடுங்கள்: பீட் (மட்கிய பாசி), பெர்லைட், கழுவிய சிலிக்கா மணல் சம அளவு. உரம் கலந்த பீட் கூடவே கூடாது.
3. வெளிச்சம் குறைந்தாலும் பசை குறையும். நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள், உச்சி வெயில் மட்டும் வேண்டாம்.

பழைய இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் தேறாது. நடுவில் புதிதாக விரியும் இலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய துளிகள் மின்னினால் செடி மீள்கிறது.

ஒன்று கவனிக்கணும். உங்களுடையது மெக்சிகோ வகையாக இருந்து, புது இலைகள் சிறிதாக, தடிப்பாக, நெருக்கமாக வந்தால் அது குளிர்கால ஓய்வு. அப்போது பசை இல்லாதது இயல்பு. தண்ணீரைக் குறைத்தால் போதும்.