ஸ்பிட்டி மலைகளில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைப்பது உண்மையா? போகும்போது ஒன்றிரண்டு வாங்கி வரலாமா?

உண்மைதான், கிடைக்கின்றன. ஆனால் வாங்கி வராதீர்கள்.

இந்த இரண்டு வரியோடு போயிருப்பேன். இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. ஒருவர், எவரெஸ்ட் உச்சி வரை டிரையாசிக் காலக் கடல்தான் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், இதெல்லாம் பிரளயத்துக்குச் சாட்சி, விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்கிறார். நான் ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்தவள், இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டியில் 'பின்' என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் களப்பணி செய்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எவரெஸ்ட். அதன் உச்சியில் இருப்பது கடல் சுண்ணாம்புக்கல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஆர்டோவிசியன் காலத்தது, 44 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. டிரையாசிக் என்பது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். நடுவில் பதினெட்டு, பத்தொன்பது கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று விட முடியவில்லை.

நீங்கள் லாங்சா கிராமத்தில் புத்தர் சிலைக்குப் பக்கத்தில் சிறுவர்கள் உருண்டைக் கல்லைக் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கறுப்பு உருண்டைகள் பெரும்பாலும் டிரையாசிக் அல்ல. அவை ஸ்பிட்டி ஷேல் என்ற கறுப்புக் களிப்பாறையிலிருந்து வருபவை, டிரையாசிக்குக்கு அடுத்து வந்த ஜுராசிக் காலத்தவை. நேபாளத்தில் கண்டகி நதிக்கரையில் கிடைக்கும் சாளக்கிராமமும் அதே வகைப் பாறையிலிருந்து வருவதுதான். உள்ளே சுருண்டு கிடப்பது அம்மோனைட் என்ற கடல் உயிரி. கணவாய் மீன், ஆக்டோபஸ் எல்லாம் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

சாளக்கிராமத்தைப் பற்றிச் சொன்னதும் யாராவது சண்டைக்கு வருவார்கள், தெரியும். எங்கள் பாட்டி பூஜையில் சாளக்கிராமம் உண்டு. தினமும் அதற்குத் தீர்த்தம் விட்டுத்தான் சாப்பிடுவாள். அது கடல் உயிரியின் அச்சு என்று நான் சொன்னபோது, "பெருமாள் கடல்லதானே பள்ளிகொண்டிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பூஜையைத் தொடர்ந்தாள். அவளுக்கும் எனக்கும் இதில் சண்டையே வந்ததில்லை. நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. பாறை சொல்லாததைப் பாறை சொல்கிறது என்று எழுதும்போதுதான் கோபம் வருகிறது.

சரி, டிரையாசிக் எங்கே இருக்கிறது? ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸாவிலிருந்து தாபோ போகும் சாலையில் அட்டார்கோ பாலத்தில் திரும்பினால் பின் பள்ளத்தாக்கு. குலிங், சக்னம், கடைசியில் முத் கிராமம். இந்த வழியில் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகச் சாய்ந்தும் மடங்கியும் நிற்கும் சாம்பல் நிறப் பாறைகளில் பெரும் பகுதி டிரையாசிக் கடலின் அடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும்தான். மொத்தத் தடிமன் ஆயிரம் மீட்டருக்கு மேல். உலகத்தில் இந்தக் காலத்தின் கடல் பாறைகள் இவ்வளவு தொடர்ச்சியாக, மரம் செடி மறைக்காமல், கண்ணெதிரே கிடக்கும் இடங்கள் குறைவு.

நாங்கள் போனது ஒரு ஜூலை மாதம். எங்கள் சார் குலிங் அருகே ஒரு சரிவில் நிறுத்தினார். கீழே கறுப்பு ஷேல், டிரையாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்தின் கடைசிப் பகுதி. அதன் தலையில் துருப்பிடித்த நிறத்தில் இரும்புச்சத்து மிகுந்த ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கு மேல் உடனே சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். "ஒரு கையைக் கறுப்பு மேல வை, இன்னொரு கையை சுண்ணாம்புக்கல் மேல வை" என்றார். வைத்தேன். "ரெண்டு கைக்கும் நடுவுல கடல்ல இருந்த உயிர்கள்ல முக்கால்வாசிக்கு மேல காணாமப் போயிருக்கும்மா" என்றார்.

பெர்மியன் முடிவில் நடந்த அழிவு அது. பூமி கண்ட அழிவுகளிலேயே பெரியது. சைபீரியாவில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக எரிமலைக் குழம்பு பொங்கி, காற்றில் கரியமில வாயு ஏறி, கடல் சூடாகி, அமிலமாகி, ஆக்சிஜன் குறைந்து போனது. கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த டிரைலோபைட்டுகளில் கடைசியாக மிஞ்சியவையும் அதோடு முடிந்தன. கறுப்பு ஷேலில் பிராக்கியோபாட் என்ற பழைய ஓட்டுயிரிகள் கிடைக்கும். மேலே ஏறினால் அவற்றைக் காணோம், புது வகை அம்மோனாய்டுகள், அதாவது அம்மோனைட்டின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை, வருகின்றன. முதலில் ஓட்டோசெராஸ், அப்புறம் ஓஃபிசெராஸ். இன்னும் மேலே போனால் டவோனெல்லா, தாள் மாதிரி மெல்லிய ஓடும் விசிறிக் கோடுகளும் கொண்ட சிப்பி. அதற்கும் மேலே ஹாலோபியா. இந்த வரிசை மாறுவதில்லை. உத்தராகண்டின் கார்வால் பக்கம் போனாலும், ஓட்டோசெராஸ் அடியில்தான், டவோனெல்லா அதற்கு மேல்தான். பிரளயம் என்று எழுதிய நண்பருக்கு என் பதில் இதுதான்: ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்திருந்தால் இந்த ஒழுங்கு எப்படி வந்தது? ஆயிரம் மீட்டர் சேறு அமைதியாக, கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்திருக்கிறது. அது நடந்தபோது இந்தப் பகுதி தெற்கு அரைக்கோளத்தில், டெதிஸ் என்ற பழங்காலக் கடலின் கரையோரம் இருந்தது. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மலை ஏறியதற்குக் கடல் ஏறி வர வேண்டியதில்லை, கடலடியே மேலே தூக்கப்பட்டது.

பவளம் பற்றியும் சொல்ல வேண்டும். அழிவுக்குப் பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்குக் கடலில் பவளமே கிடைப்பதில்லை. ஸ்பிட்டியிலும் கின்னௌரிலும் டிரையாசிக் பின்பகுதி அடுக்குகளுக்கு வந்தால் பவளச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, ஹங்ராங் என்ற அமைப்பில். கடல் மறுபடி எழுந்து நின்றதைக் கையால் தொட முடிகிற இடம்.

முத் கிராமத்தில் இரண்டாம் நாள் எனக்கு ஒரு அம்மோனாய்டு கிடைத்தது. சரிவில் உதிர்ந்து கிடந்தது அல்ல, அடுக்கிலேயே பதிந்திருந்தது. அகலம் ஒரு விரல் நீளம் இருக்கும். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் பக்கவாட்டில் வளைந்து வளைந்து போகும் கோடு தெரிந்தது. ஓட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர் வெளி ஓட்டைத் தொடும் இடம் அது. ஒரு பக்க வளைவுகள் வழவழப்பாகவும் எதிர்ப்பக்க வளைவுகள் சிறு பற்களோடும் இருந்தால் செராடைட் வகை என்று வகுப்பில் படித்திருந்தோம். டிரையாசிக் அம்மோனாய்டு பலவற்றின் அடையாளம் அது. புத்தகத்தில் படித்த கோடு கல்லில் அப்படியே இருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. சுத்தியலைத் தூக்கினேன். சார் தடுத்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி எந்த அடுக்குன்னு எழுது."

எழுதினோம். கீழிருந்து எத்தனையாவது அடுக்கு, தடிமன், எந்தப் பக்கம் மேல், சாய்வு எந்தத் திசை, எத்தனை பாகை. படம் எடுத்தோம். மேல் பக்கத்தைக் காட்ட அம்புக்குறி போட்டு, எண் எழுதிய பிறகுதான் எடுத்தோம். பாதி நாள் போனது. அடுக்கு தெரியாத புதைபடிவம், பெயரும் தேதியும் இல்லாத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போன்றது. அதில் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், யாருடையது என்று தெரியாது.

இதனால்தான் வாங்காதீர்கள் என்கிறேன். "ஒரு கல்லை நான் வாங்கினால் மலை தீர்ந்துவிடுமா" என்று கேட்பீர்கள். ஒரு பருவத்தில் எத்தனை ஆயிரம் பேர் ஸ்பிட்டி போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, முத் பகுதி சாதாரண இடம் இல்லை. டிரையாசிக் காலத்தின் முதல் இரண்டு பிரிவுகளான இண்டுவன், ஒலெனெகியன் இரண்டுக்கும் நடுவிலான எல்லைக்கு உலக அளவுகோலாக வைக்கலாம் என்று முன்மொழியப்பட்ட பாறை வரிசை அங்கே இருக்கிறது. சீனாவின் ஒரு வரிசையும் போட்டியில் இருந்தது. டிரையாசிக் தொடக்கத்துக்கான அளவுகோல் 2001-லேயே சீனாவின் மெய்ஷானுக்குப் போனது. இந்த முடிவுகளுக்குப் பெரிதும் உதவுபவை கோனோடோன்ட் என்ற நுண்ணிய பல் போன்ற எச்சங்கள், பல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுண்ணாம்புக்கல்லை மென் அமிலத்தில் கரைத்து, மிச்சத்தை நுண்ணோக்கியில் பொறுக்க வேண்டும். நம் ஊரில் இருக்கும் பாறையை உலகம் அளவுகோலாகப் பேசுகிறது, நாம் அதை மேசைமேல் வைக்கும் அலங்காரமாக மூட்டை கட்டுகிறோம்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். புவிப் பாரம்பரிய இடங்களைக் காப்பதற்கான மசோதா வரைவு 2022-ல் வெளியானது. பின் பள்ளத்தாக்கில் தேசியப் பூங்கா இருக்கிறது, அதன் எல்லைக்குள் எதையும் எடுக்கக் கூடாது. சட்டம் பிடிக்குமா பிடிக்காதா என்று கணக்குப் போட வேண்டாம் என்பது என் கருத்து.

நான் எடுத்த அந்த அம்மோனாய்டு எங்கள் துறையின் மர இழுப்பறையில், என் கையெழுத்தில் சீட்டோடு இருந்தது. சில வருடங்கள் கழித்துப் போனேன். கட்டடத்தைப் புதுப்பித்தபோது இழுப்பறைகளைக் காலி செய்து, கற்களைச் சாக்கில் கொட்டி வைத்திருந்தார்கள். சீட்டுகள் குப்பையோடு போய்விட்டன. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் சேர்த்தது. எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் இதுதான் கதை என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். சுற்றுலாப் பயணியை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதையும் எழுதினேன்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. படித்து முடித்ததும் ஒரு சுரங்க நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் முன்னணியில் இருந்தேன். "நிலத்தடிக்கு உங்களை அனுப்ப முடியாதும்மா, சட்டம் இடம் தராது" என்று அனுப்பிவிட்டார்கள். 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2019-ல்தான் மத்திய அரசு நிபந்தனைகளோடு பெண்களையும் நிலத்தடியில் வேலை செய்ய அனுமதித்தது. எனக்கு அது பிந்தி வந்த அனுமதி. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டர் உயரத்தில் முதுகில் கல் மூட்டையோடு ஏறி இறங்கியவளுக்கு நூறு மீட்டர் கீழே இறங்கத் தகுதியில்லை என்றது இன்னும் ஆறவில்லை. ஜியாலஜி படிக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், இப்போது கதவு திறந்திருக்கிறது, விண்ணப்பியுங்கள்.

ஸ்பிட்டியின் அடுக்குகளுக்கு முத், லிலாங், குலிங் என்றெல்லாம் ஊர்ப் பெயர்களையே வைத்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற நிலவியலாளர். மொராவியாவில் பிறந்தவர். 1864-ல் ஸ்பிட்டி போய், அடுத்த வருடமே அறிக்கை எழுதினார். அரியலூர், திருச்சி வட்டாரத்தின் கிரெடேசியஸ் (ஜுராசிக்குக்கு அடுத்த காலம்) கடல் உயிரினங்களை விரிவாக விவரித்து எழுதியவரும் இதே மனிதர்தான். 1874-ல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது வயது 36. நம் அரியலூர்ப் பாறைகள் டிரையாசிக் அல்ல, அதற்கு ரொம்பப் பிந்தியவை. தமிழ்நாட்டில் டிரையாசிக் கடல் பாறை கிடையாது. ஆனாலும் ஸ்பிட்டி போகும் முன் ஒரு நாள் அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அம்மோனைட் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும், மலையில் தேட வேண்டியது எது என்று தெரியும்.

அங்கே போனதும் பழகுவதற்கு இரண்டு நாளாவது காஸாவில் ஓய்வெடுங்கள், உயரத்தை லேசாக எண்ண வேண்டாம். பின் பள்ளத்தாக்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். புதைபடிவம் கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், தொலைபேசியில் இடக்குறியைச் சேமியுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள். வழியில் டேராடூன் தங்கினால் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

"அந்தச் சிறுவர்களின் வருமானம் என்ன ஆகும்" என்று கமெண்டில் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிராமத்து வீட்டிலேயே தங்குங்கள். ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு பாறை இருக்கும் இடத்துக்கு நடந்து போங்கள். கல்லுக்குக் கொடுக்கவிருந்த பணத்தைவிடக் கூடுதலாக அவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டுப் பையன் அடுத்த வருடமும் அதே பாறையை இன்னொருவருக்குக் காட்டிச் சம்பாதிக்கலாம்.