யானை ஏன் பிளிறுகிறது, குயில் ஏன் கூவுகிறது? ஒவ்வொரு விலங்குக்கும் ஏன் ஒவ்வொரு சத்தம்?

பள்ளியில் 'யானை கத்தும்' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைப் பறிகொடுத்தவன் நான். மரபுச் சொல் பட்டியல் நினைவிருக்கிறதா? யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், காகம் கரையும். ஏன் அப்படி என்று வகுப்பில் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அந்தப் பட்டியல் பாதி உண்மைதான் என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது.

பாலூட்டிகளுக்குத் தொண்டையில் குரல்வளை. நுரையீரல் காற்று மேலேறும்போது அங்குள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. நாண் நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் அதிர்வு மெதுவாகும், குரல் தாழும். எலி கீச்சிடுவதற்கும் எருமை அடித்தொண்டையில் கத்துவதற்கும் பெரும்பாலும் இந்த அளவு வித்தியாசம்தான் காரணம்.

இதன் உச்சம் யானை. அதன் குரல்நாண் ஏறக்குறைய 10 செ.மீ. நீளம். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில், அதுவரை திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்துவந்த கேட்டி பெய்ன், ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஏதோ துடிப்பதை உணர்ந்தார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. சிறுவயதில் சர்ச் ஆர்கனின் அடிநாதம் உடம்பில் அதிர்ந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. பதிவு செய்து பார்த்தால், யானைகள் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, நம் காது பிடிக்காத இடத்தில் பேசிக்கொண்டிருந்தன! அவ்வளவு தாழ்ந்த ஒலி மரம் செடிகளில் பட்டு அதிகம் சிதறாது. சில கிலோமீட்டர் தாண்டியும் இன்னொரு மந்தைக்குப் போய்ச் சேரும். துதிக்கை வழியாக வரும் பிளிறல், பதற்றத்திலோ பரபரப்பிலோ எழுப்புவது. அன்றாடப் பேச்செல்லாம் அந்த அடிக்குரல் உறுமலில்தான். என் வாத்தியாரிடம் இதைச் சொல்லி அந்த ஒரு மார்க்கைத் திரும்ப வாங்க முடியுமா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

சரி, உடம்பு மட்டுமே தீர்மானிக்கிறதா? இல்லை. ஒரே நாய், அந்நியனைக் கண்டால் தாழ்ந்த, கரகரத்த குரலில் உறுமுகிறது. பயந்தால் மெல்லிய குரலில் முனகுகிறது. 'நான் பெரிய ஆள்' என்று ஒன்று, 'நான் குட்டி, விட்டுவிடு' என்று இன்னொன்று. பல பறவைகளிலும் பாலூட்டிகளிலும் இந்த ஒழுங்கு இருப்பதை 1977இல் பறவை ஆய்வாளர் யூஜின் மார்ட்டன் எடுத்துக்காட்டினார். பூனை இதில் பலே கைகாரி. குட்டி தாயைக் கூப்பிடும் குரல்தான் 'மியாவ்'. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை, நம்மிடம்தான் காட்டுகின்றன. மீன் கழுவும் நாளில் எங்கள் வீட்டுப் பூனை கைக்குழந்தை ஆகிவிடும்.

பூச்சிகளுக்குத் தொண்டையே தேவையில்லை. சுவர்க்கோழி இறக்கையோடு இறக்கையை உரசுகிறது. வண்டின் முரலல் இறக்கையடிப்பின் ஓசை.

பறவைகளின் கதை வேறு. அவற்றின் குரல் உறுப்பு தொண்டையில் இல்லை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிறது. இரு பக்கமும் தனித்தனியே இயங்கக்கூடியவை என்பதால் சில பறவைகள் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும். அப்புறம், நம் குயில். சித்திரை விடியலில் உச்சஸ்தாயிக்கு ஏறி ஏறிக் கூவுவது கறுப்பு ஆண் குயில். இணையை அழைக்கவும், இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லவும்தான் அந்தக் கூவல். காகக் கூட்டில் முட்டையிடப்போகும் பெண், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இலை மறைவில் இருக்கும். அது கூவாது, 'கிக் கிக் கிக்' என்று படபடவென்று கத்தும். பட்டியலில் அதற்கென்று ஒரு சொல் கிடையாது.